மாத்திரை விட்டுப்போனால், நாள் தள்ளிப்போனால்

மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். காலண்டரும் பக்கத்தில் இருக்கட்டும். நாள் தள்ளிப்போன வீட்டில் முதலில் வருவது பயம். அடுத்து பக்கத்து வீட்டு யோசனை, அதற்கும் அடுத்து மருந்துக் கடை. கணக்குப் பார்ப்பது கடைசியில்தான். அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எத்தனை மாத்திரை விட்டது, எந்த வாரத்தில் விட்டது என்பதற்கு அட்டையைவிட நல்ல சாட்சி கிடையாது. காலியானதையும் தூக்கிப் போடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.

எண்ணுவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கத்தில் பல பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளிலிருந்துதான் கணக்கு வைப்பார்கள். மருத்துவர் கேட்பது உதிரம் பட்ட முதல் நாளை. இரண்டுக்கும் நடுவே மூன்று, நான்கு நாள் வித்தியாசம் வந்துவிடும். "குளிச்சு முப்பது நாள் ஆச்சு" என்பவருக்கு மருத்துவக் கணக்கில் முப்பத்து நான்கு நாள் ஆகியிருக்கலாம். பரிசோதனை எப்போது செய்வது, கரு எத்தனை வாரம் என்பதெல்லாம் அந்த முதல் நாளை வைத்தே வருகிறது. இனிமேல் அந்த நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். யார் கண்ணிலாவது படுமே என்று தயங்கினால் ஒரு புள்ளி வைத்தாலும் போதும்.

ஷிஃப்ட் வீட்டில் ராத்திரி எப்போது?

முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியதிலிருந்து நெய்வேலியில் கொதிகலனுக்கு ராத்திரி, பகல் கிடையாது. சுரங்கத்துக்கும் அப்படித்தான். ஷிஃப்ட் மாற மாற வீட்டில் உலை வைக்கும் நேரமும் படுக்கும் நேரமும் சேர்ந்தே மாறும். மாத்திரை தரும் செவிலியர் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: "ராத்திரி படுக்கும்போது போட்டுக்கோங்கம்மா." ஷிஃப்ட் வீட்டில் இந்தப் பேச்சு எடுபடாது. கணவர் நைட் ஷிஃப்ட் போகும் வாரத்தில் குழந்தைகளோடு ஒன்பது மணிக்கே கண் அசந்துவிடும். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் அவர் வந்து சாப்பிட்டு முடிக்கவே நள்ளிரவு நெருங்கிவிடும். இப்படி விட்டுப்போவதை மறதி என்று சொல்லிப் பெண்ணைக் குறைகூறுவது நியாயமில்லை. நேரத்தைத் தப்பான ஆணியில் மாட்டியதுதான் குறை.

யாருடைய ஷிஃப்ட்டும் மாற்ற முடியாத ஒரு நேரத்தைப் பிடியுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் குடிக்கும் காப்பி, சாயங்காலம் விளக்கேற்றும் நேரம், எதுவானாலும் சரி. செல்போனில் அலாரம் வையுங்கள். மாலா-என் போன்ற கூட்டு மாத்திரையில் சில மணி நேரம் முன்பின் ஆனால் கவலைப்பட வேண்டியதில்லை. முழுதாக ஒரு நாளைத் தாண்டும்போதுதான் கணக்குத் தொடங்குகிறது.

அட்டை சொல்லும் கணக்கு

அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் மாலா-என், கடையில் கிடைக்கும் மாலா-டி இரண்டிலும் 28 மாத்திரைகள். கருத்தடை வேலையைச் செய்பவை 21 வெள்ளை மாத்திரைகள். மீதி 7 வெறும் இரும்புச்சத்து. ஓவ்ரல்-எல் போன்ற தனியார் அட்டைகளில் இந்த 7 இருக்காது. 21 முடிந்ததும் ஏழு நாள் இடைவெளி விட்டு அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும்.

இரும்பு மாத்திரையை மறந்தால் கருத்தடைக்கு ஒன்றும் ஆகாது. விட்டதை விட்டுவிட்டு அடுத்த அட்டையைக் குறித்த நாளில் தொடங்குங்கள்.

ஒரே ஒரு வெள்ளை மாத்திரை விட்டுப்போனதா? நினைவு வந்த நிமிடமே போடுங்கள். அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு சேர்ந்தாலும் பரவாயில்லை. ஆணுறை கட்டாயமில்லை. இந்த ஒன்றால் கரு தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால்தான் பாதுகாப்பு தளரும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஜூன் 1-ல் அட்டை தொடங்கினீர்கள். 9, 10 தேதி மாத்திரைகள் விட்டுப்போயின. 11-ம் தேதி காலையில் அட்டையைப் பார்த்ததும் தெரிகிறது. உடனே 10-ம் தேதிக்குரியதைப் போடுங்கள். 9-ம் தேதியுடையது அட்டையிலேயே கிடக்கட்டும். 11-ம் தேதிக்குரியதை வழக்கமான நேரத்தில் போட்டு, அப்படியே தொடருங்கள். ஏழு வெள்ளை மாத்திரைகள் தொடர்ந்து உள்ளே போகும்வரை, அதாவது 17-ம் தேதி வரை, ஆணுறை வேண்டும், அல்லது சேராமல் இருக்க வேண்டும். சினைப்பையை மறுபடி உறங்க வைக்க அந்த ஏழு நாள் தேவைப்படுகிறது.

எந்த வாரத்தில் விட்டது என்பது இங்கே முக்கியம். மிகவும் ஆபத்தானது முதல் வாரம். பலரும் நடுவில் விடுவதற்குத்தான் பயப்படுகிறார்கள், புது அட்டையை இரண்டு நாள் தாமதமாகத் தொடங்குவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது, சனி ஞாயிறு கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் நடப்பது இதுதான். ஏற்கெனவே ஏழு நாள் மருந்து இல்லாமல் இருந்த உடம்பில் இடைவெளி ஒன்பது, பத்து நாளாக நீளும்போது முட்டை வளர்ந்து வெளிவர நேரம் கிடைத்துவிடுகிறது. அடுத்த அட்டையை, கையில் இருப்பது தீரும் முன்பே வாங்கி வையுங்கள். முதல் வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போய், கடந்த ஐந்து நாளுக்குள் சேர்ந்தும் இருந்தால், அவசர மாத்திரை பற்றிக் கீழே உள்ளதைப் படியுங்கள்.

மூன்றாம் வாரத்தில், அதாவது 15 முதல் 21 வரையிலான மாத்திரைகளில், இரண்டோ அதற்கு மேலோ விட்டால் வழி வேறு. மீதி வெள்ளை மாத்திரைகளை முடித்துவிட்டு, இரும்பு மாத்திரைகளைத் தொடாமல், மறுநாளே புது அட்டையைத் தொடங்க வேண்டும். ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். இதைச் சரியாகச் செய்த பெண்ணுக்கு அந்த மாதம் உதிரம் வராமலே போகலாம். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, "இந்த மாசம் வரலையே" என்று தூக்கம் கெடுபவர்கள் இவர்கள்தான்.

இரும்பு மாத்திரை வாரத்தில் வருவது இயல்பான மாதவிடாய் அல்ல. வெள்ளை மாத்திரை நின்றதால் வரும் கசிவு அது. மாத்திரை பழகிய உடம்பில் சில மாதம் வெறும் துளியாகவும் வரும், சில மாதம் வராமலும் போகும். ஒன்றுகூட விடாமல் போட்டவருக்கு ஒரு மாதம் வராவிட்டால் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்த அட்டையைக் குறித்த நாளில் தொடங்கலாம். தொடர்ந்து இரண்டு மாதம் வராவிட்டாலோ, நடுவில் மாத்திரை விட்டிருந்தாலோ, பரிசோதனை செய்துவிடுங்கள்.

வாந்தியும் விட்டுப்போனதற்குச் சமம். மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள். கடும் வாந்தியோ பேதியோ இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் இரண்டு மாத்திரை விட்டதாகவே கணக்கு வையுங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன் ஆகியவை கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைக்கும். ஒரு நாள்கூட விடாமல் போட்டாலும் இவற்றோடு நம்ப முடியாது. மருத்துவரிடம் சொல்லி வேறு முறைக்கு மாறுங்கள்.

சாயா போடுபவர்களுக்கு

மேலே சொன்ன விதிகள் எதுவும் சாயாவுக்குப் பொருந்தாது. அடுத்த வீட்டு அக்கா மாலா-என் போடுவார், நீங்கள் சாயா போடுவீர்கள், அவர் தனக்குச் செவிலியர் சொன்னதை உங்களுக்குச் சொல்வார். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்து, 1991-ல் சஹேலி என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மருந்துதான் இது. 2016-ல் அரசின் குடும்பநலத் திட்டத்தில் சேர்ந்தபோது சாயா என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் இல்லை, தினமும் போட வேண்டியதும் இல்லை. மாதவிடாயின் முதல் நாளில் தொடங்கி, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. முதல் மாத்திரை ஞாயிறு என்றால் இரண்டாவது புதன். மூன்று மாதத்துக்குப் பிறகு ஞாயிறு மட்டும்.

நாளைத் தள்ளிப்போடுவது சாயாவின் குணம். எல்லோருக்கும் இல்லை, ஆனால் சிலருக்கு முதல் சில மாதங்கள் சுழற்சி நீண்டுவிடும். மாத்திரை விடாமல் போட்டிருந்தால் சில நாள் தாமதத்துக்குப் பதற வேண்டாம். 15 நாளுக்கு மேல் போனால் பரிசோதித்துப் பாருங்கள். மாத்திரை விட்டுப்போயிருந்தால் நினைவு வந்ததும் போட்டு, பழைய கிழமையிலேயே தொடர்ந்து, அடுத்த மாதவிடாய் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் புதிதாகத் தொடங்குபவரைப் போல மறுபடி வாரத்துக்கு இரண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோயிலுக்காகத் தள்ளிப்போட்ட மாத்திரை

வேலுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரக் காவடி, வடலூரில் தைப்பூச ஜோதி, வீட்டில் ஒரு கிரகப்பிரவேசம். அந்த நாளில் தூரமாகிவிடக் கூடாதே என்று மருந்துக் கடையில் "தள்ளிப்போடற மாத்திரை" கேட்டு வாங்குவது நம் ஊரில் சர்வசாதாரணம். அது பெரும்பாலும் நார்எத்திஸ்டிரோன், பிரிமோலுட்-என் போன்ற பெயர்களில் வரும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வந்துவிடும்.

இதைப் போடும் நாள்களில் கரு தங்காது என்று பலர் நம்புகிறார்கள். இது கருத்தடை மாத்திரை இல்லை. மாதக் கடைசியில் ஏழெட்டு நாள் போடுவதற்கு முன்பே கரு தங்கியிருக்கலாம். நாள் தள்ளிப்போனதற்கு மாத்திரைதான் காரணம் என்று நினைத்து ஒரு மாதம் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் வராவிட்டால் பரிசோதனை செய்யுங்கள். என்னைக் கேட்டால், திருவிழாவுக்காக இந்த மாத்திரையைப் போடவே வேண்டியதில்லை. ஆனால் அந்த வாதத்தை இங்கே வளர்க்கப் போவதில்லை.

72 மணி நேரம்

மாத்திரை விட்டுப்போய், பாதுகாப்பில்லாமல் சேர்ந்தும்விட்டால், லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க மத்திய அரசு 2005-லேயே அனுமதித்த மருந்து இது. ஆனாலும் தமிழ்நாட்டில் பெரும்பாலான மருந்துக் கடைகளில் கேட்டால் "வர்றதில்ல மேடம்" என்ற பதில்தான் கிடைக்கும். எனக்கு இதில் கோபம் உண்டு. தடுக்கும் மாத்திரையை மறைத்து வைக்கிற இடத்தில் கலைக்கும் மாத்திரை சீட்டில்லாமல் கைமாறுவது என்ன நியாயம்?

கடைகடையாக அலைந்து மணி நேரத்தை வீணாக்காதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ "ஈஸி பில்" என்று கேளுங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்வது இதைவிடப் பலமானது, பிறகு பல வருடத்துக்குக் கவலையும் இல்லை. அவசர மாத்திரை போட்ட பிறகு அடுத்த மாதவிடாய் சில நாள் முன்பின் வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால் பரிசோதனை.

இரண்டு கோடு

பரிசோதனைக் கருவி நூறு ரூபாய்க்குள் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். அரசு சுகாதார நிலையத்தில் "நிஷ்சய்" என்ற பெயரில் இலவசம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக் கடைக்குப் போனாலும் தெரிந்த முகம் ஒன்று நிற்கும். கணவரோடு வேலை பார்ப்பவரோ, பிள்ளையின் டீச்சரோ இருப்பார். அது சங்கடமாக இருந்தால் மந்தாரக்குப்பத்திலோ வடலூரிலோ வாங்கிக்கொள்ளுங்கள். சங்கடத்துக்காக ஒரு வாரம் தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. கருவியோடு வரும் குழாயால் உறையில் சொன்ன அளவு சொட்டுகள் விட்டு, ஐந்து நிமிடத்தில் பாருங்கள். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் கர்ப்பம். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் கர்ப்பம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கோடே வராவிட்டால் கருவி பழுது. அரை மணி கழித்துக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துப் புதுக் கோடு தேடாதீர்கள், அது செல்லாது.

அவசரப்பட்டுச் செய்தால் பொய்யான ஆறுதல்தான் கிடைக்கும். முட்டை வெளிவந்த பிறகு கரு கருப்பையில் பதிய 6 முதல் 12 நாள் ஆகும். அதன் பின்புதான் கருவி கண்டுபிடிக்கும் ஹார்மோன் சுரக்கிறது. மேலே சொன்ன உதாரணத்தில், ஜூன் 28 வரை உதிரம் வராவிட்டால் 29-ல் பரிசோதிக்கலாம், புது அட்டையையும் அன்றே தொடங்கலாம். இல்லை என்று வந்தால் ஒரு வாரம் கழித்து ஜூலை 6-ல் இன்னொரு முறை. மாதக் கணக்கே பிடிபடாதவர்கள் கடைசியாகப் பாதுகாப்பின்றிச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துச் செய்தால் முடிவை நம்பலாம்.

இரண்டு முறையும் இல்லை என்று வந்து, நாளும் வரவில்லை என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். மாத்திரையை முழுதாக நிறுத்தியவர்களுக்குச் சுழற்சி பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, திடீரென்று ஏறிய அல்லது குறைந்த எடை, பாலூட்டல், நாற்பதைத் தாண்டிய வயது என்று பட்டியல் நீளம். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

கர்ப்பம் என்று வந்தால்

மாத்திரையை அன்றே நிறுத்துங்கள். இதுவரை போட்ட மாலா-என் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தில் மட்டும் கலைக்க முடிவெடுக்காதீர்கள். பப்பாளி, எள்ளுருண்டை, கருஞ்சீரகக் கஷாயம் எல்லாம் வேலைக்காகாது. அவற்றால் போவது நாள்கள்தான், இங்கே நாள்தான் எல்லாமே.

மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுங்கள். நெய்வேலிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் ஊழியர் குடும்பத்துக்கு டவுன்ஷிப்பிலேயே பொது மருத்துவமனை இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் வீடுகளுக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், பண்ருட்டி அரசு மருத்துவமனைகளும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும் உண்டு. மாத்திரை விட்டு விட்டுப் போட்டவர்களுக்குக் கடைசி மாதவிடாய்க் கணக்கு நம்பகமாக இருக்காது. வாரத்தை ஸ்கேன்தான் சரியாகச் சொல்லும். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்பதையும் அதுவே காட்டும். அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றி மயக்கம் வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். 108-ஐ அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வைத்துக்கொள்வது என்றால் 12 வாரத்துக்குள் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி என்ற பதிவு எண் வாங்குங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை அன்றே தொடங்குங்கள்.

வேண்டாம் என்றால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 1971-ம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை தவறியதை ஒரு காரணமாகவே ஏற்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு இது மணமானவருக்கு மட்டும் என்ற வரம்பு இல்லை. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை உள்ள சலுகையை மணமாகாத பெண்களுக்கும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் தீர்ப்பளித்தது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவரையோ அப்பாவையோ கூட்டிவரச் சொன்னால் அது சட்டம் கேட்பதில்லை. பெயரை வெளியே சொல்வது மருத்துவமனைக்குக் குற்றம். 9 வாரத்துக்குள் என்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே முடியும், ஆனால் மருத்துவர் மேற்பார்வையில். கரு குழாயில் இருப்பது தெரியாமல் கடையில் வாங்கிப் போட்டவர்கள் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போவதுண்டு. சந்தேகம் எதுவானாலும் 104-ல் பேசலாம், பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை ஒத்துவராத வீடு

மாதாமாதம் ஒன்றிரண்டு விட்டுப்போகிறது என்றால் முறையை மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி இலவசம். அதில் உதிரம் நின்றுபோவது இயல்பு, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். காப்பர்-டி 380ஏ பத்து வருடம் வேலை செய்யும்.

பிள்ளைகள் போதும் என்று இருவரும் முடிவெடுத்தால், கணவருக்குச் செய்யும் தழும்பில்லாக் கருத்தடை பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷனைவிடச் சிறியது. கத்தி வைக்காத சிகிச்சை, அன்றே வீடு திரும்பலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. ஷிஃப்ட்டை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளட்டும். பலன் கிடைக்க மூன்று மாதம் ஆகும். விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று எழுதித் தரும்வரை நீங்கள் மாத்திரையை நிறுத்த வேண்டாம், அல்லது அவர் ஆணுறை போடட்டும்.